ஒன்பது மாதத் தவணை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

விடுமுறைக்கு ஊர் வந்து மறுபடி மாலைதீவுக்குப் புறப்படும் என்னைப் போன்ற ஆசிரியர்களைப் பற்றி நம்மூரில் இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று, "அவங்களுக்கென்ன, டொலர்ல உழைக்கிறாங்க." மற்றது, "நம்மட புள்ளைகள விட்டுட்டு ஆர்ர புள்ளைகளுக்கோ படிச்சுக் குடுக்கப் போறாங்க." இந்த முறை பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்டேன், ஒரு கல்யாண வீட்டிலும் கேட்டேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால் நின்று வாதாடவில்லை. ஆனால் இந்தப் போக்குவரத்து நம் தலைமுறை தொடங்கியது அல்ல. இதற்கு எழுநூறு வருடத்துக்குக் கிட்டிய சரித்திரம் இருக்கிறது. அதில் புத்தளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

புத்தளத்தில் இப்னு பதூதாவைத் தெரியாதவர் குறைவு. 1344 இல் வந்தார், ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார், பாவாதம் மலைக்குப் போனார் என்று பிள்ளைகளும் சொல்வார்கள். அவர் "பத்தாலா" என்று எழுதிய ஊர் புத்தளம்தான் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்று நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் வந்தது மாலைதீவிலிருந்து. அங்கே அவர் பார்த்தது உத்தியோகம்.

1343 இல் அவர் மாலைதீவில் இறங்கியபோது அங்கே ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்ற அரசி. நிர்வாகம் அவருடைய கணவரான வசீரின் கையில் இருந்தது. இப்னு பதூதா ஏற்கெனவே டெல்லியில் காழியாக இருந்தவர். படித்தவன் என்று தெரிந்தால் தன்னை இங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்து, தான் யார் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று கூட வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார். அது நடக்கவில்லை. விஷயம் மாலேக்கு எட்டியது. அவரைக் காழியாக்கினார்கள். வீடு கொடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். சில காலம் அங்கே இருந்தார்.

சின்னத் தீவுகளுக்குப் படித்த ஆள் எப்போதும் பற்றாக்குறை. வந்தவரை விடமாட்டார்கள். இது நான் இன்றைக்கும் கண்ணால் பார்க்கிற விஷயம்.

பிறகு வசீரோடு பகை வந்தது. அதற்குப் பல காரணங்கள். ஒன்று, டெல்லியில் அவர் மணமுடித்த பெண்ணின் சகோதரி மதுரை சுல்தான் கியாசுத்தீனின் மனைவி. இந்த மனிதர் வெளியே போனால் மச்சானின் படையோடு திரும்பி வருவாரோ என்ற பயம் மாலேயில் இருந்தது. அந்தப் பயம் வீணானதும் அல்ல. பின்னர் மதுரையில் அப்படி ஒரு படையெடுப்புத் திட்டம் போடத்தான் செய்தார்கள். ஆனால் அது நிறைவேறவில்லை.

போகிறேன் என்று அவர் சொன்னபோது கிடைத்த பதிலைக் கவனியுங்கள். மனைவிமாரின் மஹரைக் கொடுத்து, பட்ட கடனையும் தீர்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். ஒப்பந்தக் காலம் முடியாமல் வேலையை விட்டால் விமான ரிக்கட் காசைக் கட்டு, இத்தனை மாதச் சம்பளத்தைக் கட்டு என்று இன்று கேட்கிறார்களே, அதன் பழைய வடிவம் இது.

இனித்தான் முக்கியமான இடம். புறப்படும்போது அவருடைய மனைவியரில் ஒருவர் கர்ப்பமாக இருந்தார். அவருக்கு இப்னு பதூதா ஒரு தவணை சொன்னார். ஒன்பது மாதம். அதற்குள் நான் திரும்பி வராவிட்டால் உன் காரியம் உன் கையில், நீ சுதந்திரமானவள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெற்கே போகும் வழியில் ஒரு சின்னஞ்சிறு தீவைக் கண்டதாக எழுதுகிறார். அதில் ஒரே ஒரு வீடு. ஒரு நெசவாளி, மனைவி மக்கள், சில தென்னை, கொஞ்சம் வாழை, மீன் பிடிக்கவும் பக்கத்துத் தீவுக்குப் போய்வரவும் ஒரு படகு. டெல்லி அரண்மனையைப் பார்த்த மனிதர் அந்த நெசவாளியைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். அந்தத் தீவு தனக்கே சொந்தமாக இருந்தால் மௌத்து வரைக்கும் அங்கேயே ஒதுங்கி இருந்துவிடலாமே என்று ஆசைப்பட்டார். அவர் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்த நெசவாளியிடம் அவருக்கு இல்லாத ஒன்று இருந்தது. வேலையும் குடும்பமும் ஒரே தீவில்.

அதன்பின் முலூக் என்ற தீவில் 70 நாள் இருந்து, அங்கிருந்து தமிழகக் கரைக்கு, அன்று மாபர் என்று சொன்ன இடத்துக்கு, கப்பல் ஏறினார். மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாகி, காற்று அவரைக் கொண்டுவந்து விட்ட இடம் நம் கரை. திட்டம் போட்டு அவர் புத்தளம் வரவில்லை. காற்று கொண்டுவந்தது.

பாவாதம் மலை, மதுரை, கொல்லம், நடுவில் கடற்கொள்ளையரிடம் உடுத்த துணி தவிர எல்லாவற்றையும் பறிகொடுத்தது எல்லாம் ஆன பிறகு, தான் பார்த்தேயிராத மகனைப் பார்க்க அவர் மறுபடி மாலைதீவுக்கு வந்தார். பையனுக்கு அப்போது இரண்டு வயது. ஒன்பது மாதத் தவணை எப்போதோ கடந்துவிட்டது. மகனை எடுத்துக்கொண்டு போவாரோ என்று தாய் வசீரிடம் முறையிட்டார். வசீர் தடுக்க மாட்டேன் என்றார். கடைசியில், பிள்ளை அங்கே இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று இப்னு பதூதாவே முடிவெடுத்தார். ஐந்து நாள் நின்றார். மகனைத் தாயிடமே விட்டுவிட்டு வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார்.

நாடு நாடாகச் சுற்றிய மனிதரின் அந்த ஐந்து நாளைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை. மூன்று கிழமை லீவில் வந்து போகிற வாப்பாமாருக்கு அந்த ஐந்து நாளை விளக்கத் தேவையில்லை.

அடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், பிரான்சுவா பிராட். 1602 இல் அவர் வந்த கப்பல் மாலைதீவுப் பாறையில் மோதி உடைந்தது. சுல்தான் அவரைக் கொல்லவில்லை. மொழி படித்தார், அரண்மனையில் ஆதரவும் கிடைத்தது. ஆனால் போக அனுமதி மட்டும் இல்லை. 1607 இல் வங்காளத்திலிருந்து ஒரு படை வந்து மாலேயைத் தாக்கி, சுல்தான் கொல்லப்பட்ட குழப்பத்தில்தான் அவர் வெளியேறினார். ஊர்போய்ச் சேர 1611 ஆனது. தீவு வாழ்க்கையைப் பற்றி அந்தக் காலத்தில் இவர் அளவுக்கு விரிவாக எழுதியவர் இல்லை. ஊருக்குப் போக முடியாதவனுக்கு எழுத நேரம் கிடைத்தது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த இருவருக்கும் வாசலில் நின்றவர் ஆட்சியாளர். சாதாரண மக்களுக்கு வாசலில் நின்றது காற்று.

மாலைதீவில் இரண்டு பருவம். தென்மேல் காற்றுக்காலத்தை ஹுல்ஹங்கு என்பார்கள், வடகீழ் காற்றுக்காலத்தை இருவாய் என்பார்கள். அவர்களுடைய பெரிய பாய்க்கப்பலுக்கு ஓடி என்று பெயர். சின்னப் படகுக்குத் தோணி, நம் சொல்லேதான். தென்மேல் காற்றின் பின்பகுதியில், ஆகஸ்ட் செப்டெம்பர் அளவில், ஓடிகள் காலிக்கும் கொழும்புக்கும் வரும். மாசி, தும்புக் கயிறு, தேங்காய், சோகி, பாய் எல்லாம் இறக்குவார்கள். அரிசி, துணி, பாக்கு, சரக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். டிசம்பர் ஜனவரியில் காற்று மாறியதும் வீட்டுக்குப் போவார்கள். சுல்தான் கொழும்பு ஆளுநருக்கு வருடா வருடம் அனுப்பிய கடிதமும் அன்பளிப்பும் இதே காற்றில்தான் வந்தன. 1887 இல் பிரித்தானியப் பாதுகாப்புக்குள் போவதற்கு முன்பும் இந்த வழக்கம் இருந்தது, பிறகும் தொடர்ந்தது.

நாம் மாசிச் சம்பல் இடிக்கும்போது அந்த ஓடிகளை நினைப்பதில்லை. திவெஹி மொழியில் மீனுக்கு "மஸ்" என்று பெயர். இப்னு பதூதா காலத்திலேயே அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த அந்த மீனை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதி செய்தார்கள்.

இந்தப் பாதை அறுந்தால் என்ன ஆகும் என்பது இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. கடலில் பயம், இலங்கையிலேயே அரிசிக்குக் கூப்பன். அரிசி விளையாத மாலைதீவில் பஞ்சம் வந்தது. இலையையும் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்த அந்தக் காலத்தைப் பற்றி அங்குள்ள முதியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

மாலைதீவின் சரித்திரத்தை நவீன முறையில் எழுதியவரும் கொழும்பிலிருந்து போய் வந்தவர்தான். எச்.சி.பி. பெல், இலங்கை சிவில் சேவை அதிகாரி, பிறகு தொல்பொருள் ஆணையாளர். முதலில் மாலேயில் சில நாள் மட்டும் நின்று பார்த்தார். அந்தச் சில நாள் அவரை விடவில்லை. 1912 இல் ஓய்வுபெற்ற பிறகு 1920 இல் போனார், 1922 இல் மறுபடி போனார். 1937 இல் இறந்தார். அவருடைய பெரிய நூல் 1940 இல், அவர் இல்லாமல் வெளிவந்தது.

ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். முதலில் நடந்தது எதிர்த்திசைப் பயணம். மாலைதீவுப் பிள்ளைகள் படிப்புக்காகக் கொழும்பு வந்தார்கள். பின்னாளில் பிரதமராகவும் ஜனாதிபதியாகவும் இருந்த இப்ராஹிம் நாசிர் இங்கே படித்தவர். 1978 முதல் 30 வருடம் ஜனாதிபதியாக இருந்த மஃமூன் அப்துல் கையூம், எகிப்துக்குப் படிக்கப் போகும் வழியில் 1947 இல் சிறுவனாக இலங்கை வந்து, அரபு இஸ்ரேல் யுத்தத்தால் மேலே போக முடியாமல் இங்கேயே சில காலம் படித்தார். 1965 ஜூலை 26 இல் மாலைதீவின் சுதந்திர ஒப்பந்தம் கையெழுத்தானதும் கொழும்பில்தான்.

1960 அளவில் மாலேயின் மஜீதிய்யா, அமீனிய்யா பாடசாலைகளை ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றினார்கள். படிப்பிக்க ஆள் இல்லை. இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் போனார்கள். இன்று நாங்கள் நடக்கும் பாதையில் முதல் அடி வைத்தவர்கள் அவர்கள். 1966 இல் ஹுல்ஹுலே விமான நிலையம் திறந்தது. 1970 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை மாசி இறக்குமதியை வெட்டியது. மாலைதீவு மீனை உறையவைத்து ஜப்பானியக் கம்பனிகளுக்கு விற்கத் தொடங்கியது. 1972 இல் முதல் உல்லாசத் தீவு திறந்தது. சில வருடங்களுக்குள் ஓடிகளின் காலம் முடிந்துபோனது.

1978 இல் பா அதொளின் ஈதஃபுஷியில் அரசாங்கம் ஓர் ஆரம்பப் பாடசாலை திறந்தது. பிறகு ஒவ்வொரு அதொளுக்கும் கல்வி நிலையங்கள் வந்தன. அதொள் அவர்களுடைய சொல். உலகம் முழுவதும் பவளத்தீவு வளையத்துக்குச் சொல்லும் பெயர் அங்கிருந்து போனதுதான். ஏறக்குறைய 1200 தீவு, அதில் மக்கள் இருப்பது 200க்கும் குறைவு. சில தீவில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் பாடசாலை வேண்டும், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் வேண்டும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் போனார்கள். 2022 நெருக்கடியில் நம் அரசாங்கமே, அரச உத்தியோகத்தர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அன்று ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளம் அரிசிக்கும் பால்மாவுக்கும் காணாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கல்வியியல் கல்லூரி முடித்து முதல் நியமனம் எடுத்தபோது எனக்குக் கிடைத்தது கஷ்டப் பிரதேசப் பாடசாலை. "கஷ்டம்" என்பதை நம் திணைக்களம் பஸ் வசதி, பாதை, தூரம் என்று அளக்கும். இப்போது இருக்கிற தீவில் மின்சாரம் உண்டு, இணையம் உண்டு, வகுப்பில் பதினெட்டே பிள்ளைகள். நம் அளவுகோலில் இது கஷ்டப் பிரதேசமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. லீவு முடிந்து வந்த முதல் நாள் பிள்ளைகள் பாடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "சேர், இந்த வருடம் முடியும் வரைக்கும் இருப்பீங்களா?" என்றுதான் கேட்டார்கள். லீவில் போன ஆசிரியர் சிலர் திரும்பி வராமல், ஒரே வருடத்தில் மூன்று கணித ஆசிரியர்களைக் கண்ட பிள்ளைகள் அவர்கள். அதே கேள்வியை ஊரில் என் மகளும் கேட்டாள். அவளுடைய கேள்வி மறுபக்கம்: "வாப்பா, எப்ப வந்து நிற்பீங்க?" நின்றுவிடுவது. அந்தச் சொல்லை ஆறு வயதுப் பிள்ளை தானாகத்தான் தேர்ந்தெடுத்தாள்.

இரண்டு தீவிலும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான். தவணை சொல் என்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தில் என்னை யோசிக்க வைத்தது ஒரு கணக்கு. ஓடியில் வந்த மாலைதீவு மாலுமி ஆகஸ்டில் புறப்பட்டால் ஜனவரியில் வீட்டில். ஐந்து மாதம். அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. காற்று மாறியதும் கரையில் பெண்களும் பிள்ளைகளும் கடலைப் பார்க்கத் தொடங்கலாம். புயலும் பாறையும் உயிரை எடுத்த கடல்தான், ஆனாலும் எந்த மாதம் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்குத் தெரியும். இன்று கொழும்பிலிருந்து மாலேக்கு ஒன்றரை மணித்தியாலம். ஆனால் ஆசிரியர் வீடு வருவது பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை. வழி சுருங்கச் சுருங்கப் பிரிவு நீண்டுவிட்டது. காற்று இருந்த இடத்தில் இப்போது ஒப்பந்தக் கடதாசி இருக்கிறது. கடதாசியைப் புதுப்பிக்கலாம். "இன்னும் ஒரு வருடம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லலாம். வீடு கட்டி முடியட்டும், கடன் முடியட்டும், தங்கச்சியின் கல்யாணம் முடியட்டும். காற்று இப்படி ஒருபோதும் சாக்குச் சொன்னதில்லை.

அதனால்தான் இப்னு பதூதாவின் அந்த ஒன்பது மாதத்தைப் பெரிதாக எடுக்கிறேன். அவர் தவணையைக் காப்பாற்றவில்லை. ஆனால் சொன்னார். காத்திருக்கும் பெண்ணுக்குக் காலத்தின் எல்லை எது என்று தெரிந்திருந்தது. அது அவளுடைய உரிமை என்று அந்த மனிதருக்கும் தெரிந்திருந்தது. நாம் சம்பளத்தைப் பேசுகிறோம், தங்குமிடத்தைப் பேசுகிறோம், ரிக்கட் யார் காசு என்று பேசுகிறோம். எத்தனை வருடம் என்பதை மனைவியோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசி, திகதி போட்டுவிட்டுப் போகிறவர் எத்தனை பேர்?

நானும் மனைவியும் இந்த லீவில் அதைப் பேசினோம். ஒரு வருடத்தைக் குறித்து, அதை மகளுக்கும் சொல்லியிருக்கிறேன். அந்த வருடம் முடியும் வரை இருப்பேன் என்று இங்கே என் வகுப்புக்கும் சொல்லியிருக்கிறேன். நம் பாடசாலைகளில் வருடத்தை மூன்று தவணையாகப் பிரிக்கிறோம். தவணை என்றால் தொடக்கமும் முடிவும் உள்ளது என்று பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்.

ஊரில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாப்பாவோ உம்மாவோ தீவில் படிப்பிக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு மூத்தாப்பா வந்தால் அவரை இரண்டாம் தரமாக நடத்தாதீர்கள். அந்தப் பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பாசிரியர் தெரிந்து வைத்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, காலி, கொழும்பு, கற்பிட்டிப் பக்கம் மாலைதீவு ஓடிக்காரரோடு வியாபாரம் செய்த குடும்பங்கள், அறுபதுகளில் எழுபதுகளில் மாலேக்குப் படிப்பிக்கப் போனவர்கள் உங்கள் உறவில் இருந்தால், தயவுசெய்து முதியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். பழைய கடிதம், கடவுச்சீட்டு, படம் எதுவாக இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். இப்னு பதூதாவுக்கும் பெல்லுக்கும் புத்தகம் இருக்கிறது. நம் ஆசிரியர்களின் கதை இன்னும் யாருடைய அலுமாரியிலோ கிடக்கிறது.